உலை வளர்த்த உடன்பிறந்தார்

"உலை வாயை மூடலாம்; ஊர் வாயை மூட முடியாது" என்பது நம்மிடையே வழங்கும் ஒரு பழமொழி. சோறு சமைக்கும் உலைக்கு இஃது உண்மையே. இரும்பைக் காய்ச்சும் உலைக்கோ இது நெடுங்காலம் பொருந்தவில்லை. அவ்வுலையில் எரித்த கரியின் வெப்பத்திற் பெரும்பங்கு, வாய்வழியே புகையோடு கலந்து வானிற் சென்றது. அதனைத் தடுத்து மீட்கும் வழியை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிந்திலர். அவ்வழியை 1856ஆம் ஆண்டிற் கண்டு, பின்னர் உலை கட்டுவதையே தம் தொழிலாகவும் கொண்டவர், ஜெர்மனி தேசத்துச் சீமென்ஸ் குடும்பத்துச் சகோதரர் சிலர். அவர்தம் வரலாற்றை நம் நாட்டுக் கொல்லர் குடும்பங்களின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கின், ஒரு குடும்பத்தின் அறிவு எவ்வாறு உலகத்தின் அறிவாகின்றது என்பதும், எவ்வாறு அக்குடும்பத்தோடே மறைந்து போகின்றது என்பதும் விளங்கும். ஈண்டு அதனைச் சுருக்கமாக ஆராய்வாம்.

நம் நாட்டு உலைகள்

குற்றாலத்து அருவிகளின் நீரைக் கொண்டு வரும் சிற்றாறு, தென்காசி வழியாகக் கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரிக்கருகில் தாமிரவருணியிற் கலக்கின்றது. அவ்வாறு கடலை நோக்கிச் செல்லும் வழியிற்றான் ஆதிச்சநல்லூர் உள்ளது. அங்கே 1876இல் யாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ என்பவரும் அகழ்ந்து பார்த்தபொழுது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பினாலாகிய படைக்கலங்களும் கருவிகளும் வெளிப்பட்டன. அதற்கு அணித்தாயுள்ள சிவகளையில் இரும்போடு சேர்ந்து கிடைத்த பொருள்களைச் சோதித்ததில், கி.மு. 3345 வரையிற் செல்லும் காலக் கணக்குகள் கிடைத்திருப்பதாகத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அறிவித்தது. நம் சிற்றாற்று நீர் சென்று சேரும் அக்கரைகளில், இரும்பை ஆளும் கலை மிகத் தொன்மையானது என்பதற்கு இவை சான்றாம்.

இரும்பை உருக்கி எஃகாக்கும் கலையிலும் தமிழ்நாடு பின்தங்கியதன்று. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், அங்கே பண்டைக்காலத்தில் இரும்பும் எஃகும் செய்த உலைகள் இருந்தமையைக் காட்டியுள்ளன. இவ்வெஃகு பிற்காலத்தில் ஐரோப்பியரால் 'ஊட்ஸ்' என்று அழைக்கப்பட்டது. கன்னடத்து 'உக்கு' என்னுஞ் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். நம் 'உருக்கு' என்னுஞ் சொல் அதற்கு இனமானது. பாரசீகத்திலும் சிரியாவிலும் அரசர் ஏந்திய வரியோடிய வாள்கள் பல, இந்தியாவிலிருந்து சென்ற இவ்வெஃகுக் கட்டிகளால் அடிக்கப்பட்டவை.

அதனைச் செய்யும் முறையைச் சேலம் பக்கத்தில் நேரிற் கண்டவர்களுள் ஒருவர் கிழக்கிந்தியக் கும்பினியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஏறக்குறைய ஓர் இராத்தல் எடையுள்ளதை ஒரு களிமண் மூசைக்குள் இடுவர். அவ்விரும்பின் எடையிற் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைப் பொடியாக நறுக்கி அதனோடு சேர்ப்பர். மேலே எருக்கு முதலியவற்றின் பச்சிலையை வைத்து மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பர். மண் உலர்ந்தபின் இருபதுக்குமேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, மரக்கரியால் மூடித் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவர். மூசை ஆறியபின் உடைத்துப் பார்த்தால், உள்ளே ஓர் எஃகுக் கட்டி திரண்டிருக்கும். ஆவாரங்கட்டையும் இலையும் தீயிற் கரியாகி அக்கரி இரும்பிற் சேர்தலே இம்முறையின் உட்பொருள். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை கரி சேர்ந்த இரும்பு, கூர்மையும் வலிமையும் உடைய எஃகாகின்றது.

இத்தொழிலை நடத்தியவர் தனித்தனிக் குடும்பத்தினர். எந்த மலையின் மண்ணில் நல்ல இரும்புண்டு, எந்த மரத்தின் கரி நின்றெரியும், மூசைக்கு எந்த மண்ணை எந்த அளவில் உமியோடு பிசைவது, தீ எந்நிறம் பெற்றால் ஊதுவதை நிறுத்துவது என்பனவெல்லாம் தந்தை காட்ட மைந்தன் கண்டு பழகிய பாடம். ஏட்டில் எழுதப்பெறாத இப்பாடம் கையிலும் கண்ணிலுமே இருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

கொல்லன் மகன் ஆராய்ந்த எஃகு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வெஃகுக் கட்டிகள் சில இலண்டன் மாநகரை அடைந்தன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் அவற்றைப்பற்றி அந்நாட்டு ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். கத்தி முதலிய கருவிகள் செய்வதில் வல்லவரான ஸ்டோடார்ட் என்பவர், நுண்ணிய ஆயுதங்களுக்கு இதனினும் சிறந்த எஃகில்லை என்று மதித்தார். அவரோடு சேர்ந்து இதன் இரகசியத்தை அறிய முயன்றவர் மைக்கேல் பாரடே.

மின்சார சாஸ்திரத்தின் தந்தையருள் ஒருவராக நாம் போற்றும் பாரடே, ஓர் ஏழைக் கொல்லரின் மகன். 1819இல், தமக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயதான காலத்தில், அவர் ஊட்ஸ் எஃகைப் பகுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அடுத்த மூன்றாண்டுகளில் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் முதலிய உலோகங்களைக் கலந்து பல சோதனைகளும் செய்தார். ஊட்ஸின் சிறப்புக்குக் காரணம் களிமண்ணிலுள்ள அலுமினியச் சத்து என்று அவர் அப்பொழுது கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. மிகுந்த கரியும், மெல்ல ஆறும் முறையும், தாதுவில் இயல்பாகவே கலந்திருந்த வனேடியம் போன்ற சிறுபொருள்களுமே காரணம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டினர். சேலத்துக் கொல்லருக்குக் கைவந்ததை, அக்காலத்து விஞ்ஞானியருட் சிறந்தவர் ஒருவரும் வெறுங்கட்டியைப் பகுத்துப் பார்த்துக் கண்டறிய இயலவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பாரடேயின் பெயர் இவ்வரலாற்றில் இன்னும் ஒருமுறை வரும்.

சீமென்ஸ் குடும்பம்

ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துக்கருகில் லெந்தே என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்து வாழ்ந்தவர் கிறிஸ்தியான் பெர்தினாண்டு சீமென்ஸ். அவருக்கும் அவர் மனைவி எலியோனோராவுக்கும் பிள்ளைகள் பதினால்வர். 1839இல் தாயும், மறு ஆண்டு தொடக்கத்தில் தந்தையும் இறந்தனர். அப்பொழுது வில்ஹெல்முக்கு வயது பதினாறு, பிரீட்ரிக்குக்குப் பதின்மூன்று. மூத்தவருள் ஒருவரான வெர்னர் சேனையில் பீரங்கிப் படைப்பிரிவில் ஓர் இளம் உத்தியோகஸ்தர். தம்பியரை வளர்க்கும் பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. உத்தியோகத்தில் வந்த சிறு ஊதியத்தைக் கொண்டு இது முடியாதென்று கண்ட அவர், புதியன கண்டுபிடித்துப் பொருளீட்ட முற்பட்டார்.

வெர்னர் கண்ட முலாம்பூசும் முறை ஒன்றை விற்கும்பொருட்டு, 1843இல் வில்ஹெல்ம் இங்கிலாந்து சென்றார். அப்பொழுது அவர் இருபதாண்டும் நிரம்பப்பெறாதவர். ஆங்கிலம் சிறிதே அறிந்தவர். கண்டுபிடிப்புகளை மேற்கொண்டு நடத்துவோர் எங்கேனும் உளரோ என்று இலண்டன் தெருவிற் பலகைகளைப் படித்துக்கொண்டு சென்றவர், 'அண்டர்டேக்கர்' என்னும் பலகையைக் கண்டு, காரியங்களை ஏற்று முடிப்பவர் இவரே போலும் என்று உள்ளே நுழைந்தார். அச்சொல் பிணஞ்சேமிக்கும் தொழில் செய்வோரைக் குறிக்கும் என்பது உள்ளே சென்றபின்னரே அவருக்குத் தெரியவந்தது! பல ஆண்டுகளுக்குப்பின், புகழ்பெற்ற நிலையில், இதனை அவரே ஒரு கூட்டத்திற் கூறி எல்லாரையும் நகைக்கச் செய்தார். ஆயினும் அப்பயணம் வீணாகவில்லை. பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் கம்பெனியார் அம்முறையைச் சுமார் 1,500 பவுனுக்கு வாங்கிக்கொண்டனர். பின்னர் வில்ஹெல்ம் இங்கிலாந்திலேயே தங்கி 'வில்லியம்' ஆனார். சில ஆண்டுகளில் தம்பி பிரீட்ரிக்கும் அவருடன் சேர்ந்தார்.

மீட்பறை என்னும் கருத்து

ஸ்காத்லாந்து தேசத்துத் திருச்சபைப் போதகரான ராபர்ட் ஸ்டிர்லிங் என்பவர், 1816இல் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். வெளியேறும் சூடான காற்று தன் வெப்பத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டுச் செல்லுமாறும், உள்ளே வரும் குளிர்ந்த காற்று அவ்வெப்பத்தை எடுத்துக்கொண்டு வருமாறும் செய்யலாம் என்பது அது. வில்லியம் இதனை நீராவி யந்திரத்திற் பயன்படுத்த 1847 முதல் பாடுபட்டார். அதற்காக ஒரு தங்கப் பதக்கமும் பெற்றார். ஆனால் யந்திரம் வாணிகத்துக்கு உதவவில்லை. பணமும் பல ஆண்டுகளும் செலவாயின. அந்நிலையில், "இதனை யந்திரத்தில் அன்று, உலையில் அமைத்துப் பார்ப்போம்" என்னும் எண்ணத்தை வெளியிட்டவர் இளையவரான பிரீட்ரிக். 1856 டிசம்பர் 2ஆம் நாள் அவர் பெயரால் இங்கிலாந்தில் இதற்குப் பேட்டண்ட் உரிமை பதிவு செய்யப்பட்டது.

இக்கருத்தின் அருமையை அறிய, தானியேல் ஆகமத்திற் கூறப்படும் பாபிலோன் அரசனது சூளையை நினைத்துக்கொள்ளலாம். சூளையை வழக்கத்தினும் ஏழுமடங்கு சூடாக்குமாறு அவன் ஆணையிட்டான். அரசனுடைய ஏவலாளர் அறிந்த வழி ஒன்றே. விறகை மேலும் மேலும் இடுதல். ஆயின் விறகை எவ்வளவு இடினும் உலையின் சூடு ஓரெல்லைக்கு மேல் ஏறாது. ஏனெனின், தீயெரியப் புகும் காற்று குளிர்ந்தது. அது தீயின் வெப்பத்தையே உண்டு சூடாகிப் பின் அவ்வெப்பத்தோடே வெளியேறிவிடுகின்றது. விறகு மிகுதியாயின் காற்றும் மிகுதியாக வேண்டும். எனவே இழப்பும் மிகுதியாம்.

சீமென்ஸ் சகோதரர் கண்ட வழி வேறு. பகலெல்லாம் வெயில் தாங்கிய பாறை, பொழுது சாய்ந்தபின்னும் நெடுநேரம் சூடு கக்குவதைக் குற்றால மலையடிவாரத்தில் வாழ்வோர் அறிவர். கல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டபொழுது திருப்பித்தரும். இவ்வியல்பே அவர்கள் உலைக்கு அடிப்படை. உலையின் இருபுறத்தும் கீழே அறைகள் அமைத்து, அவற்றில் தீயைத் தாங்கும் செங்கற்களை இடையிடையே இடைவெளி விட்டு அடுக்கினர். உலையிலிருந்து வெளியேறும் அனற்காற்று வலப்புறத்து அறைவழியே சென்று, தன் வெப்பத்திற் பெரும்பகுதியைக் கற்களிடம் விட்டுப் புகைபோக்கியை அடையும். ஏறக்குறைய அரைமணி நேரத்தில் அக்கற்கள் கனன்று சிவக்கும். உடனே ஓர் அடைப்பைத் திருப்புவர். இப்பொழுது வெளிக்காற்று அதே வலப்புறத்து அறைவழியே உள்ளே வரும். கற்களிடமிருந்த வெப்பத்தை எடுத்துக்கொண்டு, தான் சூடாகவே தீயை அடையும். வெளியேறும் அனலோ இடப்புறத்துக் கற்களைச் சூடாக்கும். இவ்வாறு மாறிமாறித் திருப்புந்தோறும் உலையின் சூடு முன்னிருந்ததினும் ஏறும். முடிவில் அதற்கு எல்லை விறகன்று, உலையின் கல்லே. காவலன் கண்ணயர்ந்தால் உலையின் கூரையே உருகிவிடும்! இவ்வறைக்கு நாம் 'மீட்பறை' என்று பெயரிடலாம். போகும் வெப்பத்தை மீட்டுத் தருவதால்.

எரிபொருளில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு மிச்சமாகும் என்று அக்காலத்தில் இம்முறையைப்பற்றிக் கூறப்பட்டது. ஷெபீல்டு நகரத்தில் மூசையில் ஒரு டன் எஃகு உருக்கச் சுமார் மூன்று டன் கோக் கரி செலவான காலம் அது. ஆகவே இது சிறிய மிச்சம் அன்று.

தோல்வியும் வெற்றியும்

கருத்து நன்றாயினும் முதலில் கட்டிய உலைகள் இடர் விளைத்தன. நிலக்கரியை நேரே எரித்தபொழுது சாம்பலும் தூசும் பறந்து மீட்பறையின் கற்சந்துகளை அடைத்துக்கொண்டன. ஐந்தாண்டு முயன்றபின், கரியை உலைக்குள் எரிப்பதை விட்டு, வேறோரிடத்தில் குறைந்த காற்றில் புழுங்கவிட்டு, அதிலிருந்து எழும் வாயுவை மட்டும் உலைக்குக் கொண்டுவருவது என்று முடிவுசெய்தனர். வில்லியமும் பிரீட்ரிக்கும் சேர்ந்து 1861இல் இதற்குப் பேட்டண்ட் பெற்றனர். காற்றுக்கு இரண்டு, வாயுவுக்கு இரண்டு ஆக மீட்பறைகள் நான்காயின. விலை குறைந்த கரித்தூளும் இப்பொழுது பயன்பட்டது. சாம்பல் படாத தூய தீ கண்ணாடித் தொழிலுக்கு மிகவும் ஏற்றதாதலின், முதலில் இவ்வுலையை விரும்பி ஏற்றவர் கண்ணாடி செய்வோரே. பர்மிங்காம் பக்கத்துச் சான்ஸ் சகோதரர் தொழிற்சாலை அவற்றுள் ஒன்று. அதுவும் ஒரு குடும்பத் தொழிலே.

அத்தொழிற்சாலையிற் புதிய உலையை வந்து பார்த்தவர், எழுபது வயதான பாரடே. 1862 ஜூன் 20ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் இவ்வுலையைப்பற்றி ஒரு சொற்பொழிவாற்றினார். அவ்விடத்து வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளுள் அவர் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவு அதுவே. இளமையில் நம் நாட்டுக் கொல்லரின் எஃகை ஆராயத் தொடங்கிய அக்கொல்லன் மகன், சீமென்ஸ் உலையை விளக்கிவிட்டு மேடையை விட்டிறங்கினார். இரண்டுக்கும் இடையே கழிந்தவை நாற்பத்து மூன்று ஆண்டுகளே.

அடுத்து எஃகு. திறந்த அகன்ற அடுப்பில் டன் கணக்கான இரும்பை உருக்கவல்ல சூடு இப்பொழுது கைவந்துவிட்டது. பிரான்ஸ் தேசத்திற் சிரேய் என்னும் ஊரில் எமில் மார்ட்டினும் அவர் மகன் பியர் எமில் மார்ட்டினும், சீமென்ஸ் முறையிற் கட்டிய உலையில் வார்ப்பிரும்போடு பழைய இரும்புத் துண்டுகளைச் சேர்த்து உருக்கி 1864, 1865 ஆண்டுகளில் நல்ல எஃகு எடுத்தனர். வில்லியம் பர்மிங்காமில் மாதிரித் தொழிற்சாலை ஒன்று வைத்து, வார்ப்பிரும்போடு இரும்புத் தாதுவைச் சேர்க்கும் முறையைக் கண்டார். பின்னர் வேல்ஸ் நாட்டு லாண்டோரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அவ்வூர் எஃகால் உடற்பகுதி கட்டப்பெற்ற 'ஐரிஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் 1877இல் நீரில் இறங்கியது. சீமென்ஸ்–மார்ட்டின் முறை என்று பெயர்பெற்ற இது, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பெஸமர் முறையை முந்திவிட்டது. நம் தேசத்தில் ஜாம்ஷெட்பூரில் 1912இல் டாட்டா தொழிற்சாலை முதன்முதல் எஃகு எடுத்ததும் இத்தகைய திறந்த அடுப்பு உலைகளிலேயாம்.

குடும்பம் தொழிலை நடத்திய முறை

சீமென்ஸ் சகோதரர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றில் வல்லவர். கருத்தைக் காணுதல் பிரீட்ரிக்கின் திறமை. அதனைக் கணக்கிட்டு, வரைபடமாக்கி, சங்கங்களிற் கட்டுரையாகப் படித்து, உலகம் ஏற்குமாறு செய்தல் வில்லியத்தின் திறமை. பெர்லினில் தந்திக் கருவித் தொழிலை நிலைநாட்டிய வெர்னர், குடும்பத்துக்குத் தலைவராகவும் துணையாகவும் நின்றார். டிரெஸ்டன் நகரிற் கண்ணாடித் தொழிற்சாலை நடத்திய ஹான்ஸ், உலையை நாள்தோறும் சோதித்துப் பார்க்க இடந்தந்தார். 1867இல் ஹான்ஸ் இறக்கவே, பிரீட்ரிக் டிரெஸ்டன் சென்று அத்தொழிற்சாலையை ஏற்றார். மூசையே இல்லாமல் பெருந்தொட்டியில் இடைவிடாது கண்ணாடி உருக்கும் உலையை அங்கே நிறைவாக்கினார். பல தேசத்தாருக்கும் உலை அமைத்துக் கொடுக்கும் தொழிலையும் வளர்த்தார். 1874இல் அந்நகரில் இறந்தோர் உடலைத் தகனஞ்செய்யவும் அவருடைய உலை பயன்பட்டது.

இனி, குடும்பத் தொழிலென்றால் எல்லாம் வெற்றியென்று எண்ணற்க. லாண்டோர்த் தொழிற்சாலை வில்லியத்துக்குப் பெரும் பொருளிழப்பைத் தந்தது. 1883 நவம்பர் 19ஆம் நாள் அவர் இறந்தபின் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. மார்ட்டின் குடும்பமோ பேட்டண்ட் வழக்குகளிற் சிக்கி நொந்தது. பியர் மார்ட்டின் முதுமையில் வறுமையுற்றிருந்தபொழுது, 1907இல் இரும்புத் தொழிலதிபர்கள் நிதி திரட்டி உதவினர். பிரீட்ரிக் 1904இல் மறைந்தார். திறந்த அடுப்பு உலைகளும் 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தோன்றிய பிராணவாயு முறையின் வரவால் படிப்படியாக அணைந்தன. ஆயினும் மீட்பறை அழியவில்லை. கண்ணாடி உலைகளிலும், இரும்புத் தாது உருக்கும் பேருலைகளுக்குச் சுடுகாற்று அளிக்கும் கோபுரங்களிலும் அது இன்றும் வெப்பத்தை மீட்டுத் தருகின்றது. உலையொன்று அணைந்தாலும் அதனைக் கட்டிய அறிவு அணையாமைக்குக் காரணம், அவர்கள் அதனை எழுதிவைத்தமையே. பேட்டண்ட் பத்திரம், வரைபடம், சங்கத்துக் கட்டுரை, கடிதம் என்று ஒவ்வொரு படியும் எழுத்தில் நின்றது.

நம் கொல்லர் உலை அணைந்த வரலாறு

இனி நம் பக்கம் திரும்புவோம். மூசை எஃகைக் கண்ட கொல்லர் குடும்பங்கள் அறிவிற் குறைந்தவரல்லர். 2006ஆம் ஆண்டில், இத்தகைய எஃகால் ஆகிய பழைய வாள் ஒன்றை ஆராய்ந்தவர்கள், அதனுள்ளே கரியணுக்களாலாகிய மிக நுண்ணிய குழல்கள் இருப்பதாக அறிவித்தனர். அவ்வாராய்ச்சி நடந்த இடம், பிரீட்ரிக் உலை கட்டி வாழ்ந்த அதே டிரெஸ்டன் நகரம்! இத்துணை நுட்பமான எஃகைத் தந்த தொழில் அழிந்ததேன்?

காரணங்கள் பல. ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்புத் தொழிற்சாலை தொடங்கினார். மரக்கரிக்காகக் காடுகள் வெட்டுண்டன. கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவரவேண்டி வந்தது. தொழிற்சாலை கைமாறிக் கைமாறிச் சில பத்தாண்டுகளில் மாய்ந்தது. ஹீத்தும் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீஸ் சேர்த்து எஃகைச் சிறப்பிக்கும் முறைக்கு 1839இல் பேட்டண்ட் பெற்றும், வழக்குகளிற் பொருளிழந்து 1851இல் இறந்தார். 1882இல் சென்னை மாகாணத்துக் காட்டுச் சட்டம் வந்தபின், கொல்லர் மரக்கரி எடுப்பது அரிதாயிற்று. புகைவண்டிப் பாதை பரவியபொழுது சீமைத் தொழிற்சாலைகளின் மலிவான இரும்பும் அதன்வழியே உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது. நம் பகுதிக்கு 1903இல் செங்கோட்டைவரையிலும், 1904இல் மலையைக் கடந்து புனலூர்வரையிலும் அப்பாதை எட்டிவிட்டது. இருபது சொச்சம் இராத்தல் எஃகுக்கு இரண்டரை மணி துருத்தி ஊதிய குடும்பம், டன் கணக்கில் உருக்கும் உலையோடு போட்டியிட முடியுமா?

இவையனைத்தும் தொழில் நின்றதற்குக் காரணங்களாம். அறிவு மறைந்ததற்குக் காரணம் வேறு. தொழில் நிற்பினும் அறிவு நிற்கலாம் என்பதற்குச் சீமென்ஸ் உலையே சான்று. நம் கொல்லர் அறிவு எழுத்தேறவில்லை. ஆவாரையும் எருக்கும் உமிமண்ணும் என்று இன்று நாம் அறிவனவும், ஹீத் போன்ற அயலார் கண்டு எழுதியவையே. தீயின் நிறத்தை உற்று நோக்கிய கண்ணின் அறிவை அவர்களாலும் எழுத முடியவில்லை. எழுதக் கற்றவர் உலைக்களத்தை எட்டிப் பார்க்கவில்லை. உலைக்களத்தில் நின்றவர்க்கு எழுதும் வாய்ப்பு வரவில்லை. தொழில் சாதியோடு கட்டுண்டு, கல்வி மற்றொரு சாதியோடு கட்டுண்டு கிடந்த நம் சமுதாயத்தின் குறையே இது. துருத்தியும் ஏடும் ஒரே வீட்டில் இருந்தமையே சீமென்ஸ் குடும்பத்துக்கு வாய்த்த பேறு.

முடிவுரை

கொல்லர் வீட்டுப் பிள்ளையும் குத்தகைக் குடியானவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரும் காலம் நமக்கு வந்துள்ளது. நம் போன்ற கல்லூரிகள் எழுந்ததன் பயனும் அதுவே. ஆகவே மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள். தென்காசி வட்டாரத்தில் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் பட்டறைகள் இன்னும் சில உள. செங்கற்சூளைகளும் உள. விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது அங்கே சென்று நில்லுங்கள். தோய்ச்சலுக்கு எந்நிறத்தில் இரும்பை எடுக்கின்றார், ஏன் எடுக்கின்றார், அந்நிறத்துக்கு அவர் வழங்கும் பெயர் யாது என்று அம்முதியவரைக் கேளுங்கள். அச்சொல்லை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பௌதிக வகுப்பில் கற்ற வெப்ப அளவை அதன் அருகில் குறியுங்கள். சூளைக்காரர் எத்தனை நாள், எந்த விறகு, எத்தனை கல் என்பதைக் கணக்கிட்டு, புகையோடு எவ்வளவு வெப்பம் போகின்றது என்று ஆராயுங்கள். அவ்வாராய்ச்சியிலிருந்து அவருக்கு விறகு மிச்சமாகும் ஒரு வழி பிறக்குமாயின், அதுவே உங்கள் முதற் பட்டம்.

சீமென்ஸ் சகோதரர் புதிதாகத் தீயைப் படைத்தாரல்லர். வீணே வெளியேறிய வெப்பத்தைத் தடுத்து, மீண்டும் உலைக்குள் அனுப்பினர், அவ்வளவே. நம் முதியோரின் கைத்திறன் என்னும் வெப்பமும் அவரவர் ஆயுளோடு நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருக்கின்றது. அதனைத் தாங்கி அடுத்த தலைமுறைக்குத் திருப்பித்தரும் மீட்பறையாக நிற்கும் கடமை, கற்றவராகிய நம்முடையது.